இரண்டாவது படத்தின் பெறுமதி: விண்மீன் பிறப்பிடங்களின் நீர் மேசர்களை வானொலித் தலையீட்டுமானியாற் படமாக்கல்

முன்னுரை

வானியல் யாழ்ப்பாணத்துக்கு அந்நியமான துறை அன்று. பஞ்சாங்கக் கணிதம் பரம்பரையாகப் பயிலப்பட்டு வந்த இத்தீபகற்பத்தில், 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினறி, கணிதத்தோடு மேலைத்தேய வானியலையும் பாடமாக்கியது. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் தொடக்கத்தையும் மறைப்பின் அளவையும் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒருவாறும், செமினறி அதிபர் டானியல் பூவர் வேறொருவாறும் முன்கூட்டியே கணித்திருந்தமையால், அவ்விரண்டையும் ஒப்புநோக்கும் வேலை அந்த இரவின் வானத்துக்கே விடப்பட்டது. பின்னாளில் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் இந்திய வானியற் கணிதத்தை விளக்கக் குறிப்புகளுடன் 1848இல் நூலாக்கினார். காரைநகரைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவருமான அலன் ஆபிரகாம், 1910இல் ஹேலியின் வால்வெள்ளி வந்தபோது அதன் போக்கைக் கணித்தமையால் அறியப்பட்டார்.

வால்வெள்ளிக் கணிதத்தின் அடிப்படை விதி எளியது. ஒரு பொருள் ஒரு கணத்தில் வானில் நின்ற இடம் மட்டும் தெரிந்தால் அதன் பாதை தெரியாது. குறைந்தது மூன்று வெவ்வேறு கணங்களில் அது நின்ற திசைகளும், அக்கணங்களின் நேரமும் கைக்கு வந்தாலே பாதையைக் கணிக்க முடியும். இவ்விதி இன்று மிகத் தொலைவான ஒரு களத்தில், அதாவது விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களுக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் காலும் வானொலி அலைகளைப் படமாக்கும் துறையில், எவ்வாறு பயன்படுகிறது என்பதை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம். இத்துறையில் ஒரு பிரதேசத்தின் முதற்படம் ஒரு காட்சியாக மட்டுமே இருக்கிறது. உரிய காலத்தில் எடுக்கப்படும் இரண்டாவது படமே அதனை அளவீடாக மாற்றுகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

1. நீர் மூலக்கூறும் மேசரும்

வாயு நிலையில் தனித்து நிற்கும் நீர் மூலக்கூறு தன் விருப்பப்படி எந்த வேகத்திலும் சுழல்வதில்லை. அதன் சுழற்சிக்குச் சில குறித்த சக்தி மட்டங்கள் மட்டுமே உண்டு. ஒரு மட்டத்திலிருந்து அதற்குக் கீழுள்ள மட்டத்துக்கு இறங்கும்போது, இரண்டுக்கும் இடைப்பட்ட சக்தி ஓர் அலையாக வெளியேறுகிறது. இங்கு பேசப்படும் அலையின் மீடிறன் 22.235 கிகாஹேர்ட்ஸ், அலைநீளம் 1.35 சென்ரிமீற்றர். சாதாரண வாயுவில் மேல்மட்டத்தில் இருக்கும் மூலக்கூறுகளைவிடக் கீழ்மட்டத்தில் இருப்பவை அதிகம் என்பதால், அவ்வழியாகச் செல்லும் அலை உறிஞ்சப்பட்டு மெலிகிறது. ஆனால் மேல்மட்டத்தில் மூலக்கூறுகள் அளவுமீறிக் குவிந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. கடந்து செல்லும் அலை ஒவ்வொரு மூலக்கூறையும் தூண்டித் தன்னையொத்த இன்னோர் அலையைக் காலச் செய்வதால், வழிநெடுக அலை பெருகிக்கொண்டே போகிறது. இவ்வாறான தூண்டற் காலலால் நுண்ணலை விரியலாக்கப்படும் நிகழ்வே மேசர் எனப்படுகிறது. ஒளியில் நிகழும் அதன் இணையே லேசர்.

சார்ள்ஸ் டவுன்ஸும் அவருடைய உடனாய்வாளரும் 1954இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அமோனியா வாயுவைக் கொண்டு முதல் மேசரை இயக்கினர். அதே டவுன்ஸ் பதினைந்து ஆண்டுகளின் பின்னர், கலிபோர்னியாவின் ஹட் கிறீக் நிலையத்தில் ஏறத்தாழ ஆறு மீற்றர் விட்டமுள்ள கிண்ண அலைவாங்கியைக் கொண்டு, ஒராயன் மேகத்திலும் தனுசுப் பகுதியிலும் டபிள்யூ49 என்ற பிரதேசத்திலும் நீரின் இக்கோட்டைக் கண்டறிந்த குழுவிலும் இருந்தார். ஆய்வுகூடத்தில் மனிதர் பெருமுயற்சியோடு உண்டாக்கிய நிலைமை வானத்தில் தானாகவே நிலவுகிறது என்பது 1969ஆம் ஆண்டின் அந்தக் கண்டுபிடிப்பால் நீருக்கும் உறுதியாயிற்று.

2. விண்மீன் பிறப்பிடத்தில் மேசர் தோன்றும் இடம்

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுள்ள விண்மீன் பிறக்கும் காலத்தில், அதனைச் சூழ்ந்துள்ள தூசும் வாயுவும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை முற்றாக மறைத்துவிடுகின்றன. சென்ரிமீற்றர் அலைகளை அத்தூசு தடுப்பதில்லை. பிறக்கும் விண்மீன் தன்னைச் சுற்றிய தட்டிலிருந்து வாயுவை உள்வாங்குகின்ற அதேவேளையில், அதில் ஒரு பங்கை வெளியே வீசியும் விடுகிறது. வீசப்பட்ட வாயு சூழவுள்ள மேகத்தில் மோதும் இடத்தில் அதிர்ச்சியலை தோன்றி, வாயு சில நூறு பாகை வெப்பநிலைக்குச் சூடேறுகிறது. ஒரு கன சென்ரிமீற்றருக்குப் பத்துக் கோடி முதல் ஆயிரம் கோடி வரையிலான ஐதரசன் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றோடு மோதி உயர் மட்டங்களுக்கு ஏறும் நீர் மூலக்கூறுகள், அகச்சிவப்புக் கதிர்ப்பைக் காலிப் படிப்படியாக இறங்கும் வழியில் 22 கிகாஹேர்ட்ஸ் கோட்டின் மேல்மட்டத்தில் தேங்குகின்றன. மேசருக்கு வேண்டிய குவிவு இவ்வாறே கிடைக்கிறது.

இந்த நிபந்தனைகள் ஒருங்கே பொருந்தும் இடங்கள் மிகச் சிறியவை. மேசர்ப் பொட்டு எனப்படும் ஒவ்வொரு பிரகாசப் புள்ளியின் அளவும் பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரத்தை, அதாவது ஒரு வானியல் அலகை, ஒத்திருக்கும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் அலையின் செறிவோ மிகப் பெரியது: பால்வீதியில் மிகப் பிரகாசமான டபிள்யூ49என் பிரதேசத்தின் நீர் மேசர்கள் இந்த ஒற்றைக் கோட்டில் மாத்திரம் சூரியன் எல்லா அலைநீளங்களிலும் காலும் சக்திக்கு நிகரான அளவைக் காலுகின்றன. சிறுமையும் பிரகாசமும் ஒன்றுசேர்ந்தமையாலேயே நீர் மேசர்கள் நுண்ணிய அளவீட்டுக்கு ஏற்ற அடையாளப் புள்ளிகளாகின்றன.

3. தலையீட்டுமானி

தொலைகாட்டி ஒன்றினால் எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும் என்பதே அதன் பிரிதிறன். அது அலைநீளத்தைத் தொலைகாட்டியின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் கோணத்தை ஒட்டியது. பஞ்சாங்கக் கணிதத்திற் பழகிய அலகுகளிற் சொல்வதானால், ஒரு பாகை அறுபது கலையாகவும் ஒரு கலை அறுபது விகலையாகவும் பிரிக்கப்படுகின்றன. 25 மீற்றர் விட்டமுள்ள கிண்ணம் 1.35 சென்ரிமீற்றர் அலையில் ஏறத்தாழ இரண்டு கலைகளையே பிரித்தறியும். ஒரு முழு விண்மீன் பிறப்பிடமும் அதற்குள் அடங்கிவிடுவதால், தனிக் கிண்ணத்தால் மேசர் இருப்பதை அறியலாமேயன்றி அதன் அமைப்பை அறிய இயலாது.

இக்குறையைத் தலையீட்டுமானி நீக்குகிறது. இரு கிண்ணங்களைத் தூரத்தே வைத்து, ஒரே மூலத்திலிருந்து வரும் அலை ஒன்றை அடைந்த பின் மற்றதை அடையும் கால வேறுபாட்டை, அலையின் முகடும் தாழியும் எந்தக் கட்டத்தில் உள்ளன என்பதைக் காட்டும் அவத்தையின் வழியாக அளந்தால், மூலத்தின் திசை நுட்பமாகத் தெரியவரும். இப்போது பிரிதிறனைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் விட்டம் அன்று, இரு கிண்ணங்களுக்கும் இடையிலான அடித்தூரம். கிண்ணங்கள் கூடக் கூடச் சோடிகள் விரைந்து பெருகும்: நியூ மெக்சிக்கோவில் 27 கிண்ணங்கள் கொண்ட வி.எல்.ஏ. அணி 351 சோடிகளைத் தருகிறது; அதன் அதிகூடிய அடித்தூரம் 36 கிலோமீற்றர். அதனால் 0.08 விகலையளவைப் பிரித்தறியலாம். ஹவாயிலிருந்து கரீபியன் தீவான சென் குறோய் வரை பத்துக் கிண்ணங்கள் பரந்துள்ள வி.எல்.பி.ஏ. அணியின் அதிகூடிய அடித்தூரம் 8,600 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அது பிரித்தறிவது ஒரு விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிவிகலையில் மூன்றிலொன்றளவு. இவ்வளவு தூரத்துக்கு அப்பாலுள்ள நிலையங்கள் தத்தம் தரவுகளைப் பதிவுசெய்து ஒரு மையத்துக்கு அனுப்ப, பின்னரே அவை சோடி சோடியாகச் சேர்க்கப்படுகின்றன. பதிவுகளைக் காலத்தால் ஒத்திசைக்கும் கடிகாரமும் ஐதரசன் மேசரே.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு அண்மையான முன்னோடி உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் உள்ள வானொலித் தொலைகாட்டி. கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் நிறுவப்பட்ட அது, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்டது; இடத்தின் அகலக்கோட்டுக்கு ஏற்ப 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தெரிந்தெடுத்தமையால், அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாயிற்று. அதே குழுவினர் பின்னர் புனேக்கு அருகே அமைத்த, 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்களின் அணி முழுமையான தலையீட்டுமானி. எனினும் இரண்டும் நீண்ட அலைகளுக்கு உரியவை. முத்தோரையின் அலைநீளம் 92 சென்ரிமீற்றர். நீர் மேசரின் 1.35 சென்ரிமீற்றர் அலை அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆயினும், சோடிகளின் அவத்தைகளிலிருந்து படத்தை மீட்டெடுக்கும் கணிதம் எல்லா அலைநீளத்துக்கும் பொதுவானது.

4. வளிமண்டலத்து நீராவி எனும் இடையூறு

மேகத்திலுள்ள நீரைத் தேடும் அலை பூமிக்கு வரும்போது பூமியின் நீரைக் கடந்தே வரவேண்டியிருக்கிறது. வளிமண்டலத்து நீராவிக்கும் 22 கிகாஹேர்ட்ஸ் அளவில் இதே கோடு உண்டு. காற்றின் அமுக்கத்தால் அது அகன்று பரந்துவிடுவதால், அவ்வலைகளின் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. இதனினும் பெரிய சிக்கல் தாமதம். தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் ஒடுக்கி நீராக்கினால் எத்தனை மில்லிமீற்றர் தடிப்புள்ள படலம் கிடைக்கும் என்ற கணக்கில், ஒவ்வொரு மில்லிமீற்றரும் அலையின் பாதையை ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றரால் நீட்டிவிடுகிறது. அலைநீளம் 13.5 மில்லிமீற்றர் என்பதால், ஒரு மில்லிமீற்றர் வேறுபாடே முகட்டைத் தாழியாக மாற்றப் போதுமானது. கடலும் களப்பும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தின் ஈரக்காற்றில் அத்தகைய படலம் பல பத்து மில்லிமீற்றர். இந்த அலைநீளத்துக்குரிய நிலையங்கள் உயர்ந்த வறண்ட சமவெளிகளையும் மலைமுகடுகளையும் நாடிப்போவதற்குக் காரணம் இதுவே.

உயரம் மட்டும் போதாது. கிண்ணங்களுக்கு மேலுள்ள காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், மேசரைச் சிறிது நேரமும், மிகத் தொலைவிலிருந்து அசையாப் புள்ளியாகத் தெரியும் குவேசர் ஒன்றைச் சிறிது நேரமும் மாறி மாறி நோக்கி, குவேசரின் அவத்தையில் தோன்றும் அலைவை மேசரின் அவத்தையிலிருந்து கழிப்பது வழக்கம். யப்பானின் வேரா அணி இதனை மேலும் செம்மையாக்கியது. மிசுசாவா, இரிக்கி, ஒகாசவாரா, இசிகாக்கி ஆகிய நான்கு இடங்களிலுள்ள 20 மீற்றர் கிண்ணங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கிகள் அருகருகே பொருத்தப்பட்டிருப்பதால், மேசரும் குவேசரும் ஒரே நேரத்தில் நோக்கப்படுகின்றன. இரண்டின் அலைகளும் கிட்டத்தட்ட ஒரே காற்றைக் கடப்பதனால் பிழையும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது.

5. படம் உருவாகும் விதம்

மேசர்ப் படம் ஒரே தாளில் அமைந்த படம் அன்று. மூலம் நெருங்கினால் மீடிறன் சற்றுக் கூடுவதும், விலகினால் சற்றுக் குறைவதும் டொப்ளர் விளைவு. நீர்க்கோட்டில் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் வேகம் 74 கிலோஹேர்ட்ஸ் மாற்றமாகத் தெரிகிறது. எனவே பதிவான மீடிறன் வீச்சு மெல்லிய கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, கீற்றுக்கொரு படம் வரையப்படுகிறது. ஒரு கீற்றில் வடக்கே ஒரு பொட்டும், அடுத்த கீற்றில் அதே இடத்தில் அதே பொட்டு மங்கலாகவும், பல கீற்றுகள் தாண்டித் தெற்கே வேறொன்றும் தோன்றும். ஒவ்வொரு பொட்டுக்கும் மணி வடிவ வளைவொன்றைப் பொருத்தி அதன் மையத்தைக் காண்பர். பொட்டு பிரகாசமானதாயின் மையத்தின் இடம் பிரிதிறனைவிடப் பல மடங்கு நுட்பமாக, மில்லிவிகலையின் நூறில் சில பங்களவுக்குத் தெரியவரும். இறுதியில் எஞ்சுவது ஓர் அட்டவணை: பொட்டு, கிழக்கு மேற்கு இடம், வடக்கு தெற்கு இடம், பார்வைக்கோட்டு வேகம், செறிவு.

சில வாரங்களோ மாதங்களோ கழித்து இதே அட்டவணை மீண்டும் தயாரிக்கப்படும்போது, வானத்தின் குறுக்கேயான இரு வேகங்களும் கிடைக்கின்றன. ஒரு துகளின் நிலையையும் இயக்கத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டிய ஆறு எண்களில் ஐந்து இவ்வாறு கைவசமாகின்றன. ஆழம் ஒன்றே எஞ்சுகிறது. ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நீர் மேசர்ப் பொட்டுகள் சில மாதங்களிலேயே தோன்றி மறைவன. நீண்ட இடைவெளிக்குப் பின் அருகில் தெரியும் பொட்டு பழையதன் தொடர்ச்சியா, அன்றி ஒன்று அணைய வேறொன்று ஒளிர்ந்ததா என்று தீர்மானிக்க முடியாது போகும். பொட்டுகளைத் தனித்தனியே பின்தொடர வேண்டுமாயின் படங்கள் நெருங்கிய காலங்களில் எடுக்கப்படவேண்டும். கூட்டத்தின் மொத்த வடிவம் மாறுவதைக் காண வேண்டுமாயின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

6. டபிள்யூ75என்: பதினெட்டு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம்

அன்னம் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 4,200 ஒளியாண்டு தூரத்தில் உள்ள டபிள்யூ75என் பிரதேசத்தில், வி.எல்.ஏ. 1, வி.எல்.ஏ. 2 எனப் பெயரிடப்பட்ட இரு இளம் விண்மீன்கள் வானத்தில் ஒரு விகலைக்கும் குறைந்த இடைவெளியில் அமைந்துள்ளன. 1996இல் வி.எல்.ஏ. அணியால் எடுக்கப்பட்ட படத்தில் முதலாவதைச் சூழ்ந்த நீர் மேசர்கள் நீண்ட தாரையொன்றின் வழியே வரிசையாக நின்றன. இரண்டாவதைச் சூழ்ந்தும் நீர் மேசர்கள் காணப்பட்டன. 1999இல் ஹோசே மரியா டொரெயஸ் தலைமையிலான குழு வி.எல்.பி.ஏ. கொண்டு எடுத்த படங்கள், இரண்டாவதைச் சூழ்ந்த மேசர்கள் வளையம்போல் அமைந்திருப்பதையும், அவ்வளையம் செக்கனுக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர் வேகத்தில் எல்லாத் திசையிலும் விரிவதையும் காட்டின. ஒரே மேகத்தில், ஏறத்தாழ ஒரே சூழலில் உள்ள இரு விண்மீன்களில் ஒன்று இரு முனைகளில் மட்டும் தாரையாக வீசுகையில், மற்றது ஏன் எங்கும் சமமாக வீசுகிறது என்ற கேள்வி இதனால் எழுந்தது.

விடையைத் தந்தது காலம். பிந்திய ஆண்டுகளின் படங்களில் வளையம் படிப்படியாக நீள்வட்டமாயிற்று. 2014இல் அதே வி.எல்.ஏ. அணியால் மீண்டும் நோக்கப்பட்டபோது, 1996இல் கிட்டத்தட்ட வட்டமாயிருந்த வி.எல்.ஏ. 2இன் அயன் வாயுவும் வடகிழக்கு தென்மேற்காக நீண்டிருந்தது. கார்லோஸ் கரஸ்கோ கொன்சாலஸ் முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, திசையற்ற குறுங்கால வீச்சொன்று விண்மீனைச் சூழ்ந்த தடித்த வாயுவில் மோதி, தடை குறைந்த திசையில் தாரையாக ஒடுங்குகிறது. விண்மீனின் வளர்ச்சி இலட்சக்கணக்கான ஆண்டு அளவில் எண்ணப்படுவது. அதன் ஒரு கட்டம் மாறுவதை ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள் கண்ணெதிரே காட்டிய நிகழ்வு இது. 1996ஆம் ஆண்டின் படம் இந்தக் கேள்வியை எதிர்பார்த்து எடுக்கப்பட்டதன்று. ஆயினும் அது இடம், காலம், பிழையளவு ஆகியவற்றோடு பேணப்பட்டிராவிட்டால், 2014இன் நீள்வட்டம் இன்னொரு விண்மீனின் இயல்பான வடிவம் என்றே எண்ணப்பட்டிருக்கும்.

7. தூரமும் பால்வீதியின் வரைபடமும்

ஒரு பிரதேசத்தின் தூரம் தெரியாதவரை அங்குள்ள எதன் அளவும் திணிவும் பிரகாசமும் தெரியா. இதற்கு மேசர்ப் படங்கள் இரு வழிகளைத் திறந்தன. முதலாவது வழியில், வீசப்படும் பொட்டுகளின் பார்வைக்கோட்டு வேகங்கள் கிலோமீற்றரிலும், வானத்தின் குறுக்கேயான அசைவுகள் கோணத்திலும் கிடைக்கின்றன; இரண்டும் ஒரே பரம்பலின் இரு முகங்கள் எனக் கொண்டால், கோணத்தைக் கிலோமீற்றராக்கும் தூரம் வெளிப்படும். இவ்வாறு 1981இல் ரெயின்ஹார்ட் கென்செலும் உடனாய்வாளரும் ஒராயன் மேகத்துக்கு 480 பார்செக் என, கூடவோ குறையவோ 80 என்ற பிழையுடன், தூரம் கண்டனர்; ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு.

இரண்டாவது வழி இடமாறு தோற்றம். பண்ணைப் பாலத்தின் வழியே செல்பவருக்கு, அருகில் களப்பில் நாட்டப்பட்ட களங்கண்டித் தடிகள் மண்டைதீவுப் பனைகளின் முன்னே பின்னோக்கி நகர்வது போலத் தோன்றும். எவ்வளவு அருகோ அவ்வளவு நகர்வு. பூமி சூரியனைச் சுற்றிவரும் ஓராண்டில் மேசரும் தொலைதூரக் குவேசரின் முன்னே அவ்வாறே ஊசலாடுகிறது. ஒராயனுக்கு இவ்வூசலின் அரைவீச்சு 2.4 மில்லிவிகலை. வேரா அணியினர் 2008இல் 418 பார்செக் என்ற பெறுமானத்தை, வெறும் 6 பார்செக் பிழையுடன் பெற்றனர். தூரம் 480இலிருந்து 418ஆகக் குறைந்ததும் அம்மேகத்தின் ஒவ்வொரு விண்மீனின் கணித்த பிரகாசமும் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது.

நீர் மேசர்களோடு மெதனோல் மேசர்களையும் சேர்த்து, மார்க் ரீட் முதலானோர் 2019இல் ஏறத்தாழ 200 விண்மீன் பிறப்பிடங்களின் இடமாறு தோற்றங்களைத் தொகுத்தனர். பால்வீதியின் மையம் சூரியனிலிருந்து 8.15 கிலோபார்செக், அதாவது சுமார் 26,600 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதும், சூரியன் நிற்கும் தூரத்தில் பால்வீதி செக்கனுக்கு 236 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்வதும், சுருளின் நான்கு கைகளும் அத்தொகுப்பிலிருந்து தெளிவாயின. மையத்துக்கு அப்பாலுள்ள பிரதேசமொன்றின் நீர் மேசரை அல்பேர்ட்டோ சன்னா தலைமையிலான குழு 2017இல் அளந்தபோது, அதன் ஊசல் 0.049 மில்லிவிகலை மாத்திரமே. தூரம் 20 கிலோபார்செக்குக்கு மேல், அதாவது 66,000 ஒளியாண்டையும் தாண்டியது. இவ்வரைபடத்தின் பெரும்பகுதி வட அரைக்கோள அணிகளால் வரையப்பட்டது; தென்வானம் இன்னும் பெரும்பாலும் வெறுமையாகவே உள்ளது.

முடிவுரை

வட அகலாங்கு ஏறத்தாழப் பத்துப் பாகையில் உள்ள யாழ்ப்பாணத்திலிருந்து அன்னத்தையும் காணலாம், தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். ஆனால் இங்குள்ள ஈரக்காற்றும் செலவும் 22 கிகாஹேர்ட்ஸ் கிண்ணமொன்றை அமைப்பதற்கு இடந்தரா. அதனால் இத்துறை இங்குள்ள மாணவர்க்கு அடைபட்டதென்று கொள்ளவேண்டியதில்லை. அமெரிக்க தேசிய வானொலி வானியல் நிலையம், நோக்கியவருக்கு வழக்கமாக ஓராண்டளவு உரிமைக்காலம் வழங்கியபின், வி.எல்.ஏ., வி.எல்.பி.ஏ. அணிகளின் தரவுகளை எவரும் பெறத்தக்கதாகத் திறந்து வைக்கிறது. அவற்றைப் படமாக்கும் மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே பிரதேசம் பல்லாண்டு இடைவெளியில் வெவ்வேறு நோக்கங்களுக்காக நோக்கப்பட்டிருக்கும் பதிவுகள் அக்களஞ்சியத்தில் நிறைய உண்டு. அவற்றை அருகருகே வைத்து ஒப்பிடும் வேலைக்குத் தேவைப்படுவது கணினியும், அவத்தைகளிலிருந்து படத்தை மீட்டெடுக்கும் ஃபூரியே உருமாற்றக் கணிதமும், பிழையளவுகளைப் பொறுமையோடு கணிக்கும் பழக்கமும் ஆகும். திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல், கணிதவியல் மாணவர் எவரும் இதனை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடிய நிலை இருக்கிறது.

அவ்வாறு எடுத்துக்கொள்பவர் முதலிற் கற்க வேண்டியது படம் வரைவதன்று. வரைந்த படத்தைப் பிறர் பயன்படுத்தத்தக்கதாக விட்டுச்செல்வது. நோக்கிய நாள், ஒப்பிட்ட குவேசர், கீற்றின் அகலம், ஒவ்வொரு பொட்டின் பிழையளவு என்பன எழுதப்படாத அட்டவணையை அடுத்த தலைமுறை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத படத்துக்கு இரண்டாவது படம் ஒருபோதும் வருவதில்லை.